பகல் வண்டி இறங்கும் படிக்கட்டு

வடபழனி, சென்னை
2024 செப்டம்பர் 4

அன்பு மாப்பிள்ளை தனபால் அவர்களுக்கு,

அப்புசாமி எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அத்தாயியும் மணிமாறனும் அவன் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். தறிகள் நிற்காமல் ஓட வேண்டும்.

எழுபது வயதில் நான் சாயங்கால வகுப்பில் போய் அ, ஆ எழுதியதற்கு வெண்ணந்தூரில் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரித்தது போதும். இதைப் படியுங்கள். இந்தப் பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. கை வலிக்கிறது. ஆனாலும் நன்றாக இருக்கிறது.

போனில் பேசக் கூடாதா என்பீர்கள். மகன் ஜெகதீஸ்வரன் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும்தான். எங்கே நின்று பேசினாலும் உங்கள் அக்கா காதில் விழும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே உங்களுக்கு எழுதலாம். "என்னத்தைங்க எழுதறீங்க?" என்றாள். "பார்த்த ஊரையெல்லாம் எழுதி வைக்கிறேன்" என்றேன்.

அக்கா சென்னியம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். முதலில் மருந்து ஏற்றுவார்கள். பிறகு கரண்ட் வைப்பார்களாம். தை வரைக்கும் இங்கேதான்.

மகனுக்கு வேலை. நான்தான் அவளை மெட்ரோவில் கூட்டிப்போகிறேன். மாப்பிள்ளை, அது பூமிக்குள் ஓடுகிறது. முப்பது வருஷம் ரிக் வண்டியோடு ஆந்திரா, ஒரிசா என்று போய் பூமியைத் துளைத்தவன் நான். உள்ளே மனிதன் போவான் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேசனிலும் தமிழில் பெயர் இருக்கிறது. நான் படிப்பேன். அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கி சொல்லும். இதுவரை இரண்டு பேரும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருக்கிறோம்.

எழும்பூருக்கு அடுத்தது சென்ட்ரல். "இன்னும் ஒரு ஸ்டேசன் போய்ட்டு வரலாமுங்க" என்றாள். போனோம். படியேற முடியாது என்று கீழேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் மேலே போனேன். வாசலிலேயே ரிப்பன் மாளிகை. வெள்ளைக்காரன் கட்டியது. பால் வெள்ளை. நடுவில் மணிக்கூண்டு. வாயைப் பிளந்து நின்றுவிட்டு, இறங்கி வந்து அவளுக்குச் சொன்னேன்.

ஒரு முறை வந்து அவளைப் பாருங்கள். அவள் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். உங்களுக்குத் தெரியாததா. பதிலை ஜெகதீஸ்வரன் ஆபீசுக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம்.

உங்கள் மச்சான்,
அப்புசாமி


வெண்ணந்தூர்
2024 செப்டம்பர் 19

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தனபால் வணக்கம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி. ஆறு தறியில் நான்கு ஓடுகிறது. ஆள் இல்லை.

உங்கள் எழுத்து தெளிவாக இருக்கிறது. நான் சிரித்தது உண்மைதான். மன்னிக்கவும்.

அக்கா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. மணிக்கூண்டை எழுதியிருக்கிறீர்கள்.

வரச் சொல்கிறீர்கள். மணிமாறன் கல்யாணத்துக்கு நான் அழைக்க வந்தேன். நான் வரவே இல்லை என்று அவள் சொல்ல முடியாது. வந்தபோது வீடு பூட்டியிருந்தது. காட்டு வேலைக்குப் போயிருந்தீர்கள். அன்றைக்கு இன்னும் பத்து ஊர் போக வேண்டியிருந்தது. பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு, மறுபடி வரலாம் என்று போனவன் வரவில்லை. தப்புத்தான். அதற்கு அவள் என்ன சொல்லி அனுப்பினாள்? "ஜன்னல்ல சொருகுன பத்திரிகைக்கு ஜன்னல்தான் கல்யாணத்துக்குப் போகும்." சொன்ன மாதிரியே நின்றாள். நீங்கள் மட்டும் வந்து, கை நனைக்காமல் திரும்பினீர்கள். என் கல்யாணத்தில் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு என் பக்கத்தில் நின்றவள், என் மகன் கல்யாணத்துக்கு இல்லை. பந்தலில் ஊரே கேட்டது. நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நான் அங்கே வந்து நின்று, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், அதைத் தாங்க இப்போது எனக்குத் தெம்பில்லை மச்சான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனபால்


வடபழனி
2024 அக்டோபர் 3

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. முழுவதையும் நானே படித்தேன். ஜெகதீஸ்வரன் படித்துக் காட்டவா என்றான். கையைத் தட்டிவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

சாப்பிடுகிறாள். மருந்து ஏற்றிய நாலைந்து நாளைக்கு எதுவும் இறங்காது. பிறகு தயிர்ச்சோறு கொஞ்சம். தலைமுடி போய்விட்டது. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் விழித்திருப்பதால் தெரியும்.

இந்த முறை அவள் சென்ட்ரலில் உட்கார்ந்திருக்க, நான் அடுத்த ஸ்டேசனான உயர்நீதிமன்றம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டிக்கெட் வாங்கும் தளத்தில் ஒரு தூண் ஓரம் உட்கார இடம் இருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கும். அங்கே காவலுக்கு நிற்கும் கௌசியா என்கிற பெண், "தாத்தா, நீங்க போயிட்டு வாங்க, பாட்டியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

கோர்ட்டு முழுக்கச் சிவப்பு. எத்தனை கோபுரம், எத்தனை கும்பம்! உயரமான ஒன்றின் உச்சியில் அந்தக் காலத்தில் கப்பல்களுக்காக விளக்கு எரித்தார்களாம். வந்து சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். "கோர்ட்டு மேல வெளக்கே வச்சாங்களா? அப்பறமும் நம்ம கெணத்துக் கேசுக்கு வழி தெரியலீங்களே" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஜன்னல் விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்கிறீர்கள். இப்போது அவள் திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் நான்தான் திருப்பிவிட வேண்டும்.

அப்புசாமி


வடபழனி
2024 அக்டோபர் 24

மாப்பிள்ளைக்கு,

உங்களிடமிருந்து தகவல் இல்லை. வேலை மும்முரமாக இருக்கும். தீபாவளி வருகிறது. எல்லோரும் நலம்தானே.

இங்கே மழை. மேலே எவ்வளவு மழை பெய்தாலும் மெட்ரோவுக்குள் தெரிவதில்லை. நனைந்த குடைகளோடு ஆட்கள் இறங்கி வந்தால்தான் தெரியும்.

ஆயிரம் விளக்கு பார்த்தேன். பெரிய பள்ளிவாசல். இரண்டு பக்கமும் வானத்தைத் தொடுகிற தூண்கள். வாசலில் நின்ற பாய் ஒருவர், "மழைல நிக்காதீங்க பெரியவரே, உள்ளார வாங்க" என்று நிழற்கூரைக்குக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அங்கே ஆயிரம் விளக்கு ஏற்றுவார்களாம்.

திரும்பி வந்து சொன்னதும், "ஆயரமும் எரிஞ்சுதுங்களா?" என்றாள். "பட்டப்பகலில் எதுக்கு எரியும்?" என்றேன். "அப்ப நீங்க பாக்கவே இல்லைன்னு சொல்லுங்க" என்று விட்டாள்.

கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வளையல் முழங்கை வரை போய் வருகிறது. ஒன்று புரியவில்லை. மருந்து ஏற்றிய களைப்போடு நேராக வீட்டுக்குப் போகலாம் என்றால் கேட்பதில்லை. சென்ட்ரலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறாள். அந்தக் குளிர்ச்சி பிடித்திருக்கிறது போல.

அப்புசாமி


வெண்ணந்தூர்
2024 நவம்பர் 11

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளிக்கு இரவு பகலாகத் தறி ஓட்டினோம். முடிந்ததும் நான் படுத்துவிட்டேன். காய்ச்சல். இப்போது தேவலை.

இதோடு ஒரு நூல் சேலை வருகிறது. நம் தறியில் நெய்தது. அதிகம் கஞ்சி போடாமல் மெத்தென்று நெய்யச் சொன்னேன், உடம்பில் உறுத்தாது. நீங்கள் கடையில் வாங்கியதாகச் சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

மணிமாறன் மகளுக்கு மாசியில் காது குத்தலாம் என்று வீட்டில் பேச்சு. அத்தாயி, "உங்க அக்கா இல்லாம இந்த ஊட்டுல இன்னொரு விசேசமா?" என்றாள். அலுப்பாக இருக்கிறது மச்சான். எதை எடுத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

தனபால்


வடபழனி
2024 நவம்பர் 30

அன்பு மாப்பிள்ளைக்கு,

காய்ச்சல் விட்டதா? வெந்நீரே குடியுங்கள்.

சேலை வந்தது. கடையில் வாங்கினேன் என்றேன். கரையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். "எந்தக் கடைங்க?" "தி.நகர்." "கடைக்காரருக்கு மொழங்கால் வலி தேவலைங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். மாப்பிள்ளை, என்னால் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. உங்கள் கடிதத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அவள் காதில் விழுந்திருக்கும் போல. யாருக்கு எழுதுகிறேன் என்றும் அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரிக்கு அந்தச் சேலையைத்தான் கட்டுகிறாள்.

கரண்ட் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சனி ஞாயிறு தவிர தினமும். ஏறி இறங்கி அவளும் சோர்ந்துவிட்டாள், நானும் சோர்ந்துவிட்டேன். இருந்தாலும் நேற்று சின்னமலை போனேன். பாறைக்குள் ஒரு குகை. ஏசுவின் சீடர் ஒருவர் அங்கே ஒளிந்திருந்தாராம். கல்லில் அவர் கை பதிந்திருக்கிறது என்று காட்டுகிறார்கள். நானும் என் கையை வைத்துப் பார்த்தேன்.

இதைச் சொல்லலாம் என்று ஓடி வந்தேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். கௌசியா என்னைத் தனியே கூப்பிட்டு, "தாத்தா, கோயமுத்தூர் பகல் வண்டி வந்துருச்சான்னு பாட்டி தினமும் கேக்கறாங்க. வந்துருச்சுன்னா நேரா உக்காந்துக்கறாங்க. ஜனமெல்லாம் போனதும் சாஞ்சுக்கறாங்க. உங்க ஊர்ல இருந்து யாராச்சும் வராங்களா?" என்றாள்.

அப்போதுதான் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சரியாகப் பார்த்தேன். எதிரே நகரும் படிக்கட்டு. மேலே பெரிய ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் அதில்தான் வருகிறார்கள். சேலம் வழியாக வருகிற பகல் வண்டி ஆட்களும் அதில்தான்.

குளிர்ச்சிக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்களுக்கு எழுதினேன். எத்தனை பலகை படித்தேன் மாப்பிள்ளை! பக்கத்தில் இருந்தவளைப் படிக்கவில்லை. நான் ஊர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். அவள் உங்களைப் பார்க்க உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்புசாமி


வடபழனி
2024 டிசம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

சுகம் கேட்கிறேன். பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று ஜெகதீஸ்வரன் சொல்கிறான்.

இந்த வாரம் நான் எந்த ஊரும் பார்க்கவில்லை. அவளோடு நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். போனார்கள்.

"ஏனுங்க, ஊரெல்லாம் பாத்து முடிச்சாச்சா?" என்றாள். "கால் வலி" என்றேன். "எனக்குச் சொல்றதுக்காச்சும் போய்ட்டு வாங்க. சும்மா உக்காந்தா நேரம் போவ மாட்டேங்குது" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புசாமி


வெண்ணந்தூர்
2025 ஜனவரி 2

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அன்றைக்கு உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீங்கள் திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து திரும்பி வரும் முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதமும் கைக்கு வந்தன. தபால் தொலையவில்லை. எடுத்துப் படிப்பேன், மடித்து வைப்பேன். ஒருநாள் விடிகாலையில் தறியை நிறுத்திவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறி, அங்கே பகல் வண்டியைப் பிடித்துவிட்டேன். அத்தாயி தட்டும் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் குங்குமமும் பத்திரிகையும் பையில் வைத்துக் கொடுத்தாள். காது குத்துக்கு அடித்த முதல் பத்திரிகை.

அந்த நகரும் படியில் கால் வைக்கப் பயமாக இருந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், ஏறி நின்றுவிட்டேன். அது என்னைக் கீழே கொண்டுபோனது. தூண் ஓரத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். நம் தறியில் நெய்த சேலை என்பதால்தான் அக்கா என்று தெரிந்தது.

நான் இறங்கி முடிக்கும் முன்னாலேயே, "வா தனபாலு" என்றாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இந்தப் படில ஆரு வந்தாலும் மொதல்ல காலுதான் தெரியும். அப்பறம் வேட்டி. மூஞ்சி கடேசி. அப்பன் காலாட்டமே ஒண்ணு வந்துச்சு, நீதான்னு தெரிஞ்சு போச்சு" என்றாள்.

பையிலிருந்து தட்டை எடுத்து அப்படியே நீட்டினேன். அந்தக் காவல்காரப் பெண் ஓடி வந்து, "ஐயா, இங்க வெத்தலை பாக்கெல்லாம் போடக் கூடாது" என்றாள். "போடறதுக்கில்லீங்க அம்மிணி, அழைக்கறதுக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தள்ளி நின்றுகொண்டாள்.

அக்கா தட்டைத் தொடவில்லை. "அவரு வரட்டும். ஒருத்தி கையில குடுக்கறது அழைப்பில்லை. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நிக்கோணும். ஜன்னல்ல சொருகுனவனுக்கு அது எப்படித் தெரியும்? உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். தட்டு என் மடியில். நீங்கள் வரும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தறியைப் பற்றிக் கேட்டாள். குழந்தைக்கு என்ன பேச்சு வருகிறது என்று கேட்டாள். என் முழங்காலில் கை வைத்து, "இதனாலதான் வரலியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் ஆமாம் என்று வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "உன்ற மச்சான் ஒருத்தரு, எங்கிட்ட ஊர் சொல்றதுக்குன்னே போயி அலையறாரு, பாவம்" என்றாள். அவள் கை என் முழங்கால் மேலேயே இருந்தது. எடையே இல்லை மச்சான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அவள் எழுந்து நின்றதை நீங்களே பார்த்தீர்கள். தாங்கிப் பிடிக்க விடவில்லை.

காது குத்து மாசி இரண்டாவது வாரம். வண்டி அனுப்புகிறேன். அதற்குள் எப்படியாகுமோ என்று நான் எதையும் எழுதவில்லை.

தனபால்


வடபழனி
2025 ஜனவரி 21

அன்பு மாப்பிள்ளைக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அப்பன் கால் என்று எழுதிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.

கரண்ட் வைத்தது முடிந்தது. இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். நல்லதுக்கா, கெட்டதுக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. ஜெகதீஸ்வரன் வெளியே போய் நின்றுகொண்டான்.

கடைசி நாள் எழும்பூரிலிருந்து வழக்கம்போல் சென்ட்ரலுக்குப் போனோம். தூண் ஓரம் அவளை உட்கார வைக்கப் போனேன். "இனி இங்க எதுக்குங்க? நானும் மேல வாரேன்" என்றாள். கௌசியா லிப்ட் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். முதல் முறையாக மேலே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். நான் ரிப்பன் மாளிகையைக் காட்டினேன். அத்தனை நாளும் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே என்று சொல்லலாம். வெள்ளை வெளேரென்று நின்றது.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இதானுங்களா? நீங்க சொல்லயில இன்னும் பெருசா இருந்துச்சு" என்றாள்.

ரயிலில் ஏறியதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "அந்தக் கோர்ட்டு ஒண்ணு சொன்னீங்களே, மேல வெளக்கு வச்சது, அதைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பள்ளிவாசலைச் சொன்னேன். குகையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்ததில் பலகை எதையும் படிக்கவில்லை. ஒலிபெருக்கியும் காதில் விழவில்லை. வடபழனி தாண்டிப் போய்விட்டோம். அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறோம். மாசிக்கு வண்டி அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த வெற்றிலையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். காய்ந்து நொறுங்குகிறது. எறிந்துவிடட்டுமா என்று நேற்றுக் கேட்டேன்.

"காஞ்சா என்னங்க, அழைச்சது அழைச்சதுதான்" என்கிறாள்.

உங்கள் மச்சான்,
அப்புசாமி